அரசாணைத் தேடலில் சரியான ஆவணத்தை மேலே கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனு எழுத வந்த பாட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார். "முதியோர் பணம் இப்ப எவ்வளவும்மா?" என்று கேட்கிறார். உதவி மையத்தில் இருக்கும் பெண் அதையே தேடல் பெட்டியில் தட்டி, முதலில் வருவதைப் படித்துச் சொல்கிறார். இரண்டாம் பக்கத்துக்குப் போக அவருக்கு நேரமில்லை, வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். சரியான ஆவணம் பதினோராவது இடத்தில் இருந்தால், அந்தப் பாட்டியைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை.

தமிழ்நாட்டு அரசாணைகளுக்கும் நலத்திட்ட விளக்கங்களுக்கும் இப்படி ஒரு தேடலைக் கட்டிப் பராமரித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஒரு ரீரேங்கர் மாடலை இறக்கி மாட்டிவிடுவார்கள். ரீரேங்கர் கையில் கொடுத்த பட்டியலை மாற்றி அடுக்கும், அவ்வளவுதான். பட்டியலுக்குள் வராத ஆவணத்தை அதனால் கொண்டுவர முடியாது. அதனால் கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். ரீரேங்கர் ஏழாவது படியில்தான் வருகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆவணங்களின் மூல பிடிஎஃப்கள் வேண்டும். யாரோ எடுத்து வைத்த டெக்ஸ்ட் கோப்பு மட்டும் இருந்தால் போதாது, பிழை எங்கே நுழைந்தது என்று பின்னால் தேட முடியாது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் துறை, அரசாணை எண், நாள், எந்தப் பழைய ஆணையைத் திருத்துகிறது என்ற விவரங்கள் தனிப் புலங்களாக வேண்டும். இதை நிரப்புவது சலிப்பான வேலை. ஆனாலும் செய்துவிடுங்கள், எட்டாவது படி முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

அப்புறம், விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க மனு எழுதுபவர், இப்படி யாராவது. எந்த ஆவணம் சரியான விடை என்று மாடலிடமோ உங்களிடமோ கேட்பதைவிட அவரிடம் கேட்பது மேல்.

## 1. கேள்விகளைத் திரட்டி, விடைகளைக் குறித்து வையுங்கள்

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். மூன்று கேள்விகளைத் தட்டிப் பார்த்து "நல்லா வருது" என்று முடிவு செய்தால், நான்காவது கேள்வி கெட்டுப் போனது தெரியவே தெரியாது.

குறைந்தது 50 கேள்விகள் எடுங்கள். தகவல் மீட்புக்கான ட்ரெக் மதிப்பீடுகளிலும் 50 கேள்விகள் என்பது நெடுநாள் வழக்கம். அதற்குக் கீழே போனால் ஓரிரு கேள்விகளே சராசரியை இழுத்துவிடும்.

இந்தக் கேள்விகளை நீங்களே உட்கார்ந்து எழுதாதீர்கள். ஆவணத்தைப் படித்த பிறகு எழுதும் கேள்வியில் ஆவணத்தின் சொல்லே வந்து உட்கார்ந்துகொள்ளும். மக்கள் "விதவை பென்ஷன்" என்று கேட்பார்கள், ஆவணத்தில் "ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம்" என்றிருக்கும். இந்த இடைவெளியைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். மையத்தில் உண்மையில் தட்டப்பட்டவற்றை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுங்கள்.

எல்லா வகையும் கலந்திருக்கட்டும்: திட்டத்தின் பெயரைச் சொல்வது, "பட்டாவில் அப்பா பேர் தப்பா இருக்கு" என்று பிரச்சினையைச் சொல்வது, அரசாணை எண்ணைக் கொடுப்பது, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். உங்கள் தொகுப்பில் விடையே இல்லாத கேள்விகளும் நாலைந்து வேண்டும். அவை ஏன் என்பது ஏழாவது படியில் தெரியும்.

விடைகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுங்கள். 3 என்றால் அதைப் படித்தே பாட்டிக்குப் பதில் சொல்லிவிடலாம். 2 என்றால் பதிலில் ஒரு பகுதி இருக்கிறது. 1 என்றால் அதே திட்டம், ஆனால் வேறு விஷயம். 0 என்றால் சம்பந்தமில்லை. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, முரண்படும் இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சிலேயே கேள்வியின் உண்மையான பொருள் தெளிவாகிவிடும்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பழைய தேடல் காட்டிய முதல் பத்தை மட்டும் மதிப்பிட்டு வைப்பார்கள். புது முறை வேறொரு நல்ல ஆவணத்தை மேலே கொண்டுவரும். அது மதிப்பிடப்படாததால் 0 என்று கணக்காகி, புது முறை மோசம் என்று தெரியும். ஒப்பிடப் போகும் எல்லா முறைகளின் முதல் பத்தையும் ஒன்றாகக் கொட்டி, எது எந்த முறையிலிருந்து வந்தது என்பதை மறைத்து மதிப்பிட வேண்டும். புது முறை சேரும்போதெல்லாம் புதிதாக வந்தவற்றையும் மதிப்பிட வேண்டும்.

இரண்டு அளவுகள் போதும். ஒன்று, சரியான ஆவணங்களில் எத்தனை பங்கு முதல் 100க்குள் வந்தது என்ற ரீகால். மற்றொன்று, முதல் பத்தின் வரிசை எவ்வளவு ஒழுங்கு என்ற என்டிசிஜி. இந்த இரண்டாவதில், முதலிடத்தில் இருக்கும் ஆவணத்துக்கு முழு மதிப்பு. அதே ஆவணம் இரண்டாம் இடத்துக்கு இறங்கினால் 0.63, மூன்றாம் இடத்தில் 0.5, ஐந்தாம் இடத்தில் 0.39 பங்குதான் கிடைக்கும். மேலே இருப்பதைத்தான் படிப்பார்கள் என்ற நம் நிலைமைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

வெளியே கிடைக்கும் மதிப்பெண் பட்டியல்களை வைத்து இந்தப் படியைத் தாண்டிவிட முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. பல மொழித் தேடலை அளக்கும் மிராக்கிள் தொகுப்பில் 18 மொழிகள் இருக்கின்றன. தெலுங்கு, இந்தி, வங்காளம் உண்டு, தமிழ் கிடையாது. ஒரு மாடல் அங்கே எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தாலும், உங்கள் அரசாணைகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

## 2. எழுத்தைச் சரிசெய்யுங்கள்

தமிழ் ஆவணத் தேடலில் முதலில் கெடுவது இங்கேதான். மாடலைக் குறைசொல்வதற்கு முன்னால், ஆவணத்திலிருந்து எடுத்த டெக்ஸ்டை ஒரு பத்துப் பக்கம் கண்ணால் படியுங்கள்.

பழைய பிடிஎஃப்களில் எழுத்துரு வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடை 2010ல் தமிழக அரசு ஏற்பதற்கு முன்னால் வந்த ஆணைகள் பல, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வரும். இவற்றை எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு யுனிகோடாக்க வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் செய்ய வேண்டும்.

யுனிகோடு பிடிஎஃப்களிலும் கொம்பு இடம் மாறும். "கெ" என்பது எழுத்தில் தெரியும் வரிசைப்படி, கொம்பு முன்னாலும் ககரம் பின்னாலுமாக வெளியே வரும். கண்ணுக்குச் சிறு கோளாறு, தேடலுக்கோ அது வேறு சொல்.

"கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரத்தோடு "ொ" என்ற ஒரே குறி ஒரு விதம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வருவது மற்றொரு விதம். திரையில் வித்தியாசமே தெரியாது. என்எஃப்சி என்ற யுனிகோடு சீர்மையை ஆவணத்துக்கும் கேள்விக்கும் சேர்த்தே செய்தால் இது தீரும். ஆவணத்துக்கு மட்டும் செய்து கேள்வியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. "கௌரவம்" என்பதைப் பலர் கொம்பும் ளகர எழுத்துமாக "கெளரவம்" என்று தட்டுகிறார்கள். இதைக் கண்மூடித்தனமாக மாற்ற முடியாது, "கெளுத்தி" போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும். உங்கள் தொகுப்பில் வரும் சொற்களுக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல் வைத்து மாற்றுங்கள்.

## 3. சொல்லைப் பிரிக்கும் இடத்தைச் சோதியுங்கள்

இந்தப் படிக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் நான் பார்த்ததில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடந்திருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் எழுத்து வடிவங்களைத் தேட உதவும் வழக்கமான ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனில் "சொல் எழுத்து" என்ற குறியீடு, தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் தொகுப்பின் சொல் எண்ணும் கருவியும் அதே குறியீட்டைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது, கூடவே ஓரெழுத்துத் துண்டுகளையும் தள்ளிவிடுகிறது. விளைவைப் பாருங்கள். "பட்டா" என்பதில் புள்ளியும் காலும் போய் "பட", "ட" என்று உடையும். தனியாக நின்ற "ட" தள்ளப்படும். மிஞ்சுவது "பட". "படி" என்ற சொல்லிலும் "பட", "படை" என்ற சொல்லிலும் "பட". பட்டா கேட்டவருக்குப் பஞ்சப்படி ஆணை ஏன் வருகிறது என்று மாடலைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் கழிந்த கதையெல்லாம் உண்டு.

இடைவெளி, நிறுத்தற்குறிகளை வைத்துப் பிரியுங்கள், அல்லது யுனிகோடு சொல்லெல்லை விதிகளைப் பின்பற்றும் பிரிப்பானைப் பயன்படுத்துங்கள். பத்துச் சொற்களைக் கொடுத்து, வெளியே வருவதை அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது விகுதி. "ஓய்வூதியம்", "ஓய்வூதியத்தை", "ஓய்வூதியத்திற்கான" மூன்றும் சொற்பொருத்தத் தேடலுக்கு மூன்று சொற்கள். ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு ஒரு அடிச்சொல் பிரிப்பான் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 12ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே வருகிறது. அது எல்லாவற்றையும் சரியாக வெட்டாது. அதனால் மூலச் சொல்லை ஒரு புலத்திலும் வெட்டிய சொல்லை இன்னொரு புலத்திலும் வைத்து, மூலச் சொல் பொருந்தினால் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

சந்தியும் இடைவெளியும் அடுத்த தொல்லை. "உதவித்தொகை", "உதவி தொகை", "உதவித் தொகை" என்று ஒரே மேசையில் மூன்று விதமாகத் தட்டுவார்கள். மூன்று மூன்று எழுத்தாக வெட்டிய துண்டுகளுக்கு ஒரு புலம் வைத்தால் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். வெட்டும்போது யுனிகோடு குறிகளை எண்ணாமல் தமிழ் எழுத்துகளை எண்ணுங்கள். "பட்டா" யுனிகோடில் ஐந்து குறி, நமக்கு மூன்று எழுத்து. குறிகளை எண்ணி வெட்டினால் புள்ளியில் தொடங்கும் துண்டுகள்தான் மிஞ்சும்.

## 4. முதல் நூறுக்குள் வருகிறதா பாருங்கள்

இப்போது ரீகாலை அளங்கள். 50 கேள்விகளுக்கும் சரியான ஆவணம் முதல் 100க்குள் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வராத கேள்விகளைத் தனியே எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். சராசரி எண்ணைவிட இந்தக் காரணப் பட்டியல்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

சொல் வேறுபாடு காரணமென்றால், கையால் ஒரு இணைச்சொல் பட்டியல் எழுதுங்கள். பென்ஷன், ஓய்வூதியம், உதவித்தொகை ஒரு வரி. பழைய ஆணைகளில் "ஊனமுற்றோர்", இப்போதைய ஆணைகளில் "மாற்றுத்திறனாளிகள்". அது ஒரு வரி. பட்டா மாறுதலும் பட்டா பெயர் மாற்றமும் ஒரு வரி. இதில் கவனமாக இருங்கள். "பட்டாவும் சிட்டாவும் ஒன்றுதானே" என்று சேர்த்துவிடுவார்கள். பட்டா நில உரிமைக்கான ஆவணம், சிட்டா நில விவரம் அடங்கிய வருவாய்ப் பதிவேடு. சேர்த்தால் இரண்டு கேள்விகளும் கெடும். விஷயம் தெரிந்தவர் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் காரணமென்றால், தேடுமுன் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். ஒரே எழுத்து ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கும் என்பதால் ஒரு வடிவத்தோடு நிறுத்தாமல் நாலைந்து வடிவங்களைத் தேட விடுங்கள்.

## 5. சொற்பொருத்தமும் பொருட்பொருத்தமும் சேரட்டும்

சொற்பொருத்தத்துக்கு பிஎம்25 போதும். கேள்வியின் சொற்கள் ஆவணத்தில் எத்தனை முறை வருகின்றன, எவ்வளவு அரிதானவை என்று பார்த்து மதிப்பெண் போடும் சூத்திரம் அது. சொல் திரும்ப வருவதற்கும் ஆவண நீளத்துக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும் இரண்டு எண்கள் அதில் உண்டு. லூசீன் என்ற தேடல் மென்பொருள் தரும் இயல்பான அளவுகளான கே1 = 1.2, பி = 0.75 ஆகியவற்றில் தொடங்குங்கள். அந்த எண்களை நோண்டுவதைவிட, அரசாணையின் தலைப்பில் வரும் "சுருக்கம்" பகுதியைத் தனிப் புலமாக்கி அதற்கு இரண்டு, மூன்று மடங்கு எடை கொடுப்பது நல்ல பலன் தரும். அந்த இரண்டு வரியில்தான் ஆணையின் சாரம் இருக்கிறது.

பொருட்பொருத்தத்துக்கு எம்பெடிங் மாடல், அதாவது கேள்வியின் பொருளையும் ஆவணத்தின் பொருளையும் எண் வரிசைகளாக்கி ஒப்பிடுவது. தமிழ் படித்த பல மொழி மாடலாக இருக்க வேண்டும். பிஜிஇ-எம்3, மல்டிலிங்குவல் ஈ5 இரண்டையும் உங்கள் 50 கேள்விகளில் ஓட்டிப் பாருங்கள். ஈ5 வகையில் கேள்விக்கு முன்னால் "க்வெரி:" என்றும் ஆவணத்துக்கு முன்னால் "பாஸேஜ்:" என்றும் ஆங்கில எழுத்தில் முன்னொட்டுச் சேர்க்க வேண்டும். மாடல் அப்படித்தான் பயிற்சி பெற்றது. இதை விட்டுவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, தரம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும்.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். எம்பெடிங்குக்கு "முதியோர் பணம்" என்றால் ஓய்வூதியம் என்று தெரியும், ஆனால் அரசாணை எண் 41க்கும் 47க்கும் உள்ள வித்தியாசம் அதன் கண்ணில் சரியாகப் படாது. பிஎம்25க்கு நேர்மாறு.

## 6. இரண்டு பட்டியலையும் இணையுங்கள்

பிஎம்25 மதிப்பெண்ணும் எம்பெடிங் மதிப்பெண்ணும் வேறு வேறு அளவுகோல். நேராகக் கூட்டினால் பெரிய எண் கொடுப்பது சின்னதை விழுங்கிவிடும். அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு இடத்தை மட்டும் எடுக்கும் ஆர்ஆர்எஃப் முறையில் தொடங்குங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஆவணத்தின் இடத்தோடு 60ஐக் கூட்டி, 1ஐ அதனால் வகுத்து, கிடைப்பவற்றைக் கூட்ட வேண்டும். 2009ல் இந்த முறை வெளியானபோது பயன்படுத்திய அதே 60 இன்றும் வழக்கில் இருக்கிறது.

எளிய முறைதான். ஆனால் அதன் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் மாட்டினால் ஒரு இடத்தில் காலை வாரும். கணக்கைப் போட்டே பாருங்கள். ஓர் ஆவணம் பிஎம்25ல் முதலிடம், எம்பெடிங் பட்டியலில் வரவே இல்லை. அதற்குக் கிடைப்பது 1/61, அதாவது 0.0164. இன்னொன்று இரண்டு பட்டியலிலும் எட்டாம் இடம். அதற்கு 2/68, அதாவது 0.0294. சரி, நியாயம்தான். இரண்டு பட்டியலிலும் அறுபதாம் இடத்தில் இருக்கும் ஆவணத்துக்கு? 2/120, அதாவது 0.0167. அதுவும் முதலிடக்காரரை முந்திவிடுகிறது!

அரசாணை எண்ணைத் தட்டித் தேடும்போது நடப்பது இதுதான். எண்ணைச் சரியாகப் பிடித்தது பிஎம்25 மட்டும். "அரசாணை" என்ற பொதுச் சொல்லால் இரண்டு பட்டியலிலும் நடுவில் கிடந்தவை அதைக் கீழே தள்ளிவிடும். "எண்ணைக் கொடுத்தும் வரலையே" என்று மையத்திலிருந்து முதல் புகாராக வருவது இதுவாகத்தான் இருக்கும்.

தீர்வு, எண் கேள்விகளை இந்தப் பாதைக்கே அனுப்பாமல் இருப்பது. கேள்வியில் அரசாணை எண் போன்ற வடிவம் தெரிந்தால் நேராக எண் புலத்தில் தேடிக் காட்டுங்கள். மற்ற கேள்விகளுக்கு இரண்டு பட்டியலுக்கும் வேறு எடை கொடுத்துப் பார்க்கலாம். 60ஐக் குறைத்தால் முதலிடங்களின் பலம் கூடும். எதுவானாலும் உங்கள் 50 கேள்விகள் தீர்ப்புச் சொல்லட்டும்.

## 7. இப்போது ரீரேங்கர்

எம்பெடிங் என்பது இருவர் ஜாதகத்தையும் தனித்தனியே எழுதி வைத்துப் பொருத்தம் பார்ப்பது போல. க்ராஸ்-என்கோடர் வகை ரீரேங்கர், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச விடுவது போல. கேள்வியையும் பத்தியையும் சேர்த்து ஒரே நேரத்தில் படிப்பதால், "அப்பா பேர் தப்பு" என்பதற்குப் பெயர்த் திருத்தம் வேண்டும், பெயர் மாற்றம் வேண்டாம் என்ற அளவுக்கு நுணுக்கம் பிடிக்கும். விலை, ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாடலை ஒருமுறை ஓட்ட வேண்டும். அதனால்தான் முழுத் தொகுப்புக்கும் ஓட்டாமல் மேலே வந்தவற்றுக்கு மட்டும் ஓட்டுகிறோம்.

மாடலைத் தேர்ந்தெடுப்பது. இணையத்தில் அதிகம் நகலெடுக்கப்படும் எடுத்துக்காட்டு, எம்எஸ் மார்க்கோ தரவில் பயிற்சி பெற்ற மினிஎல்எம் மாடல். அது ஆங்கிலத்துக்கானது. தமிழைக் கொடுத்தாலும் பிழை காட்டாமல் எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே நடப்பது இது: அதன் டோக்கனைசர் (எழுத்தை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டி மாடலுக்குக் கொடுக்கும் பகுதி) ஆங்கிலச் சொற்களின் மேலுள்ள உச்சரிப்புக் குறிகளை நீக்கப் பழகியது. யுனிகோடில் அதே வகையில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் புள்ளியையும் ஈகாரக் குறியையும் அதோடு துடைத்துவிடும். "மாற்றம்" என்பது "மாறறம" ஆகும். "வீடு" என்பது "வடு" ஆகும். வீட்டு வரி கேட்டவரின் கேள்வி மாடலின் மூளைக்குள் போகும் முன்னரே சிதைந்துவிடுகிறது. தமிழ் படித்த பிஜிஇ-ரீரேங்கர்-வி2-எம்3 போன்ற பல மொழி மாடலை எடுங்கள். எதை எடுத்தாலும், டோக்கனைசரில் பத்துத் தமிழ்ச் சொற்களைக் கொடுத்துத் திரும்பப் பெற்றுப் பாருங்கள். கொடுத்தது அப்படியே திரும்ப வரவில்லையென்றால் அந்த மாடல் வேண்டாம்.

எதைப் படிக்கக் கொடுப்பது. பல மாடல்கள் 512 டோக்கனோடு வெட்டிவிடும். தமிழ்ச் சொல் ஒன்று பல டோக்கன்களாக உடைவதால், 512 என்பது நினைப்பதைவிடக் குறைவான சொற்கள். அரசாணையின் தொடக்கத்தில் துறை, எண், நாள், படிக்கப்பட்ட கடிதங்களின் பட்டியல் என்று ஒரு பக்கம் போகும். "இத்திட்டத்தில் பயன்பெற வயது வரம்பு" என்பது மூன்றாம் பக்கத்தில் இருக்கும். முழு ஆவணத்தைக் கொடுத்தால் ரீரேங்கர் கடிதப் பட்டியலைப் படித்துவிட்டு மதிப்பெண் போடும். ஆகவே பத்தி வாரியாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அந்த ஆணையின் "சுருக்கம்" வரியை ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் "மேற்படி திட்டத்தில்" என்று தொடங்கும் பத்தி எந்தத் திட்டத்தைச் சொல்கிறது என்று மாடலுக்குத் தெரியாது. ஆவணத்தின் மதிப்பெண்ணாக அதன் பத்திகளில் மிக உயர்ந்ததை எடுங்கள். சராசரி எடுத்தால் நீண்ட ஆணைகள் பாவம், ஒரே ஒரு நல்ல பத்தி நாற்பது சாதாரணப் பத்திகளில் கரைந்துவிடும்.

எத்தனை கொடுப்பது. 20, 50, 100 என்று மூன்றையும் ஓட்டி, என்டிசிஜி எங்கே ஏறுவதை நிறுத்துகிறது என்று பாருங்கள். அதிகம் கொடுத்தால் நல்லது என்பது எப்போதும் உண்மையில்லை. தூரத்தில் கிடந்த, சொல்லால் மட்டும் ஒத்துப்போகும் ஆவணம் ஒன்று சில நேரம் மேலே ஏறிவிடும். மாடலை வேகமாக ஓட்டும் ஜிபியு சில்லு இல்லாத கணினியில் 100 பத்திகள் நொடிக்கணக்கில் எடுக்கும். எதிரே ஒருவர் உட்கார்ந்து காத்திருக்கிறார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விடையில்லாத கேள்வி. ரீரேங்கர் எப்போதும் ஒன்றை முதலில் வைக்கும், அது சரியோ தவறோ. விடையில்லாத கேள்விகளுக்கு முதலிடம் என்ன மதிப்பெண் வாங்குகிறது, விடையுள்ளவற்றுக்கு என்ன வாங்குகிறது என்று இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இடையில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே "பொருத்தமான ஆணை கிடைக்கவில்லை" என்று காட்டுங்கள். இந்தக் கோடு மாடலுக்கு மாடல் மாறும், வேறொருவரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

## 8. மாடலுக்குத் தெரியாததை நீங்கள் சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ல் மாதம் 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயானது. பழைய ஆணையில் "மாதம் ரூ.1000 வழங்கப்படும்" என்று தெளிவாக, கேள்விக்கு அச்சாக விடைபோல எழுதியிருக்கும். ரீரேங்கர் அதை முதலில் வைத்தால் அதன் வேலையில் குறையில்லை, அது படித்த பத்தி கேள்விக்கு மிகப் பொருத்தம்தான். ஆனால் பாட்டிக்குத் தவறான தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

இது மாடல் பயிற்சியால் தீராது. முதலில் நிரப்பச் சொன்ன "எந்த ஆணையைத் திருத்துகிறது" புலம் இங்கே உதவும். திருத்தப்பட்ட ஆணை மேலே வந்தால், திருத்திய ஆணையை அதற்கு முன்னால் வையுங்கள். பழையதை நீக்காதீர்கள், "இது பின்னர் திருத்தப்பட்டது" என்ற குறிப்போடு காட்டுங்கள். நிலுவைத் தொகை கேட்டு வருபவருக்குப் பழைய ஆணைதான் தேவைப்படும்.

புதியது எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய அடிப்படை ஆணை இன்றும் செல்லுபடியாக இருக்கும், நேற்று வந்தது வெறும் நிதி ஒதுக்கீட்டு ஆணையாக இருக்கும்.

## 9. பயிற்சி கொடுப்பது, தேவைப்பட்டால் மட்டும்

இத்தனைக்குப் பிறகும் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்தால் ரீரேங்கருக்குப் பயிற்சி கொடுக்கலாம். தவறான விடைகளுக்கு எடுத்துக்காட்டாகக் கண்டபடி ஓர் ஆவணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். பட்டா கேள்விக்கு மீன்வளத் துறை ஆணை தவறு என்பது மாடலுக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் தேடலே பத்தாம் இடத்திலிருந்து ஐம்பதாம் இடம் வரை கொண்டுவந்து வைத்தவற்றிலிருந்து எடுங்கள். ஆனால் அவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள், அவற்றுக்குள் உண்மையிலேயே சரியான விடைகளும் ஒளிந்திருக்கும். அவற்றைத் தவறு என்று கற்றுக்கொடுத்தால் இருந்ததும் போய்விடும்.

சோதனைக்கு வைத்த 50 கேள்விகளைப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. அதே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டவையும் கூடாது.

## 10. வெளியே விட்ட பிறகு

எந்த விடையை அழுத்துகிறார்கள் என்ற பதிவை அப்படியே நம்பாதீர்கள். முதலில் இருப்பதை அது முதலில் இருப்பதாலேயே அழுத்துகிறார்கள். "இது உதவவில்லை" என்று ஒரு பொத்தான் வையுங்கள், மாதம் ஒருமுறை மையத்துக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேள்வியைத் தட்டிவிட்டு, வந்ததைப் படித்து, நெற்றியைச் சுருக்கி வேறு சொல்லில் திரும்பத் தட்டுவார்கள். அந்த இரண்டு சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள், இணைச்சொல் பட்டியலுக்கான அடுத்த வரி அது.

ஒருமுறை தவறிச் சரிசெய்த கேள்விகளைத் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். புது ஆணைகள் மொத்தமாகச் சேரும்போதும், மாடலையோ சொற்பிரிப்பானையோ மாற்றும்போதும், முதலில் அந்தப் பட்டியலை ஓட்டுங்கள். அதில் ஏதாவது ஒன்று முதல் மூன்றிலிருந்து கீழே இறங்கினால், சராசரி எவ்வளவு ஏறியிருந்தாலும் அன்றைக்கு வெளியிடாதீர்கள். அது ஏன் இறங்கியது என்று பாருங்கள்.